எவ்வளவு நேரம் கொதித்தது?

மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து முதலில் சிறுமலையில்தான் வீடு கட்டினார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரம் தேடி, 1845-ல் பழனி மலையில் ஏழாயிரம் அடிக்கு ஏறி இரண்டு வீடுகள் எழுப்பினார்கள். கொடைக்கானல் ஊரானது அப்படித்தான். கெட்ட காற்றிலிருந்து தப்பிவிட்டதாக நினைத்தார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நிரூபிக்க 1897 ஆகிவிட்டது. மலைக்குளிரில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி வளர்ந்து முடிவதில்லை.

துரைமார் மேலே போய்விட்டார்கள். அடிவாரத்துச் சனங்களுக்கு நிலவேம்புக் கஷாயம். வத்தலக்குண்டில் என் அப்பத்தா காலம்வரை அதுதான். "மூணு நாள் குடிச்சா எறங்கிரும்டா" என்பாள். இறங்கவும் செய்யும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மலேரியா முறைவைத்து வரும் காய்ச்சல். நடுக்கம், கொதிப்பு, வியர்வை, அப்புறம் ஒருநாள் இரண்டுநாள் சுகம். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

அதனால்தான் நிறைய பேருக்குக் கொடுத்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குயினைன் விலை கட்டுப்படியாகாததால் 1866-ல் மதராஸில் சிங்கோனா கமிஷன் அமைத்தார்கள். அந்தப் பட்டையிலிருந்து பிரித்த குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் நான்கையும் 2,472 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 27 பேருக்குத்தான் பலிக்கவில்லை. குயினைன் மட்டுமல்ல, மற்ற மூன்றும் வேலை செய்கின்றன என்று தெரிந்தது.

1976-ல் ட்ரேகரும் ஜென்சனும் ஃபால்சிபாரம் கிருமியை ஆய்வகத்தில், மனித ரத்த அணுக்களில் தொடர்ந்து வளர்க்கும் வழி கண்டார்கள். அதன்பின் மூலிகைச் சாற்றை அந்தக் கிருமிமேல் விட்டுப் பார்ப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் சாறு எடுப்பது பெரும்பாலும் மெத்தனாலில். அப்பத்தாவுக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும். இரண்டும் ஒரே மருந்தா?

1971-ல் சீனாவில் தூ யூயூவை மடக்கியதும் இதே கேள்விதான். அவர் சோதித்த மூலிகை ஒருதரம் பலித்தது, மறுதரம் பலிக்கவில்லை. பழைய வைத்திய நூல் ஒன்றில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று குறைந்த சூட்டில் ஈதரில் எடுத்துப் பார்த்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசு.

பழனி மலைப் பளியர்களிடம் செடியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு இறங்குகிற ஆய்வாளர்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பச்சையா, காய்ந்ததா? ஊறலா, கொதியலா?

இன்று யாருக்காவது நடுக்கம் என்றால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள் என்பேன். ஃபால்சிபாரமாக இருந்தால் கஷாயம் குடித்து மூன்று நாள் காத்திருக்க முடியாது. எத்தனை கொதி என்று நானும் அப்பத்தாவிடம் கேட்டதில்லை.