அச்சமும் அறிவிப்பும்: தடுப்பூசிப் பரப்புரை வரலாறும் பழவேற்காட்டு ஏரிப்புறமும்

ஆய்வுச் சுருக்கம்

தடுப்பூசியை மக்கள் அஞ்சுவதற்கு அறியாமையே காரணம் என்னும் கருத்து நலவாழ்வுத் துறை எழுத்துகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அம்மைப்பால் குத்துதல், பி.சி.ஜி. விவாதம், 2008-ஆம் ஆண்டுத் திருவள்ளூர் நிகழ்வு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இக்கட்டுரை அக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. அறிவிப்பு தன் சான்றின் அளவைக் கடந்து உறுதி கூறிய இடங்களிலும், விளக்கம் கூறாது ஒதுங்கிய இடங்களிலும் அச்சம் வலுப்பெற்றது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அம்மை, பி.சி.ஜி., செங்கல்பட்டுச் சோதனை, தட்டம்மை, பழவேற்காடு, பாடு முறை, நம்பகம்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிப் பகுதியில் அமைந்த ஊர் காட்டூர். 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது முதலாகப் பழவேற்காட்டின் வரலாறு பெரும்பாலும் வணிக வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நலவாழ்வு வரலாற்றிலும் இப்பகுதிக்கு இடமுண்டு. 1997-இல் நிகழ்ந்த மாவட்டப் பிரிப்பு வரை இவ்வட்டாரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை அம்மாவட்டத்தில்தான் நடைபெற்றது. தமிழகத்தின் தடுப்பூசி நடைமுறையையே மாற்றிய 2008-ஆம் ஆண்டு நிகழ்வும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் நேர்ந்தது. ஆகவே தடுப்பூசி பற்றிய அச்சத்தை ஏரிப்புற ஊர்களின் நிலையிலிருந்து நோக்குவது பொருத்தமுடையது.

1. அம்மையும் ஆவின் பாலும்

ஜென்னரின் தடுப்பு முறை 1802-இல் பம்பாய் வந்தடைந்து, அதே ஆண்டில் சென்னை மாகாணத்திலும் பரவத் தொடங்கியது. தமிழ் மக்கள் பெரியம்மையை நோய் என்று மட்டும் கருதவில்லை. அது மாரியம்மனின் வருகை. 'அம்மை கண்டது', 'அம்மை இறங்கியது', 'தலைக்குத் தண்ணீர் விட்டது' எனும் வழக்குகள் நோயின் தொடக்கத்தையும் முடிவையும் வழிபாட்டு மொழியால் குறிப்பன. இச்சூழலில் 'அம்மை குத்துதல்' தெய்வச் செயலில் குறுக்கிடுவதாகத் தோன்றியது. ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை மற்றொரு குழந்தைக்கு ஏற்றிய அக்கால முறை, சாதித் தூய்மை பற்றிய தயக்கத்தையும் உடன் எழுப்பியது. வேற்றுடலின் நீர் வழியே பிற நோய்கள் பரவக்கூடும் என்பதால், அத்தயக்கத்தை முற்றிலும் ஆதாரமற்றதெனத் தள்ளிவிட இயலாது.

இத்தடையை நீக்க எல்லிஸ் வேறொரு வழியை நாடினார். சென்னையின் ஆட்சியராகவும் தமிழறிஞராகவும் விளங்கிய அவர், ஆவிடமிருந்து பெறப்படும் அம்மைப்பாலைத் தெய்வத்தின் கொடையாகக் காட்டும் ஒரு கதையை இயற்றினார். தேவி தன்வந்திரிக்கு உரைப்பதாக அது அமைந்தது. மக்களின் மொழியிலும் நம்பிக்கையிலும் நின்று பேச முயன்ற தொடக்கக் காலப் பரப்புரை எனும் வகையில் இம்முயற்சி குறிப்பிடத்தக்கது. ஆயினும் அம்மைப்பால் முறை பண்டைய இந்தியர் அறிந்ததே எனும் கருத்து 1819-இல் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' எனும் புனைபெயரில் வெளிவந்த கடிதத்தில் இடம்பெற்று, பின்னர் மருத்துவ வரலாற்று நூல்களிலும் புகுந்தது. இவ்வுரிமைகோரலின் மூலங்களை ஆராய்ந்த டொமினிக் வுஜாஸ்டிக் அதனை நன்னோக்கமுடைய புனைவாகவே மதிப்பிட்டார். அச்சத்தைத் தணிக்க உண்மையல்லாத ஒன்றைக் கூறினால், அது நோக்கம் நிறைவேறிய பின்னும் வரலாற்றில் தங்கிவிடும் என்பதற்கு இது சான்றாகிறது.

2. 1955: ராஜாஜியின் எதிர்ப்பு

அச்சம் கல்லாதோர்க்கே உரியது எனும் கருத்தை பி.சி.ஜி. விவாதம் பொய்ப்பித்தது. காசநோய்க்கு எதிரான இத்தடுப்பு மருந்தை ஆக்கும் கூடம் 1948-இல் சென்னைக் கிண்டியில் அமைக்கப்பட்டது; 1951 முதல் நாடு தழுவிய இயக்கம் நடைபெற்றது. தொடக்கத்திலேயே இதனை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவரான ஏ. வி. இராமன் நலவாழ்வுப் பொறியாளர். 1955-இல், தலைமை ஆளுநராகவும் சென்னை மாகாண முதலமைச்சராகவும் இருந்து விலகிய ராஜாஜி, தாம் பி.சி.ஜி.யை எதிர்ப்பதற்குரிய காரணங்களைச் சிறு நூலாகவே வெளியிட்டார். மைய நலவாழ்வுத் துறை அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தை ஆதரித்து நின்றார்.

இவ்வெதிர்ப்புக்குப் பின்புலமும் இருந்தது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பி.சி.ஜி. அளிக்கப்பட்ட குழந்தைகளுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆய்வுக்கூடத்தில் வீரியம் மிக்க காசநோய்க் கிருமி கலந்ததே அதற்குக் காரணம் என விசாரணை கண்டது. மருந்து குற்றமற்றது, கையாளுகையே பிழையுடையது எனும் இவ்வேறுபாடு அறிவியலுக்குத் தெளிவானது. பிள்ளையை இழந்த தாய்க்கு அது ஆறுதல் தருவதன்று. பரப்புரை இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

3. செங்கல்பட்டுச் சோதனை தந்த விடை

உலக நலவாழ்வு அமைப்பின் ஒத்துழைப்புடன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பி.சி.ஜி. சோதனையைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,60,000 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குத் தடுப்பு மருந்தும் மற்றொரு பகுதியினருக்கு மருந்தற்ற ஊசியும் இடப்பட்டன. 1979-இல் வெளிவந்த முதல் அறிக்கையும், பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் பின் 1999-இல் வெளிவந்த அறிக்கையும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன் தரவில்லை எனக் காட்டின. குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய் முதலிய கடும் வகைகளிலிருந்து அது பாதுகாப்பளிப்பதைப் பிற ஆய்வுகள் நிறுவியுள்ளன. பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. இடப்படுவது இதன் பொருட்டே.

இம்முடிவு ராஜாஜி கூறியதனைத்தையும் மெய்ப்பித்ததாகக் கொள்வது தவறு. அவர் முதன்மையாக அஞ்சியது தீங்கினை. சோதனை காட்டியதோ பயனின் எல்லையை. எனினும் 1950-களின் பரப்புரை, தன்னிடமிருந்த சான்று தாங்கக்கூடியதைவிட மிகுந்த உறுதியுடன் பேசியது என்பது இதனால் தெளிவாகிறது. வினா எழுப்பியோரை அறிவியலின் பகைவராகக் காட்டிய அணுகுமுறை, விடையறியும் முன்பே வினாவை மூடிவிட்டது. அவ்வினாவுக்கு உரிய விடையைத் தம் உடலால் ஈந்தவர்கள் திருவள்ளூர் வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

4. 2008: அரசின் அச்சம்

2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி இடப்பெற்ற நான்கு குழந்தைகள் உயிரிழந்தன. தட்டம்மை மருந்து உலர்தூளாக வருவது. உரிய கரைப்பானில் கரைத்துச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டியது. எனவே மருந்து, கரைப்பான், கையாளும் முறை என்னும் மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டியிருந்தது. ஆனால் ஆய்வின் நுட்பங்களைவிட விரைவாக மக்களைச் சென்றடைந்தது அரசின் நடவடிக்கையே. ஊர்ப்புறங்களில் நடந்துவந்த தடுப்பூசி முகாம்கள் நிறுத்தப்பட்டன. மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மட்டுமே ஊசி இடப்பட்டது.

பாதுகாப்பை முன்னிட்டு எடுக்கப்பட்ட இம்முடிவும் ஓர் அறிவிப்பாகவே செயற்பட்டது. செவிலியர் வீட்டருகே இட்டுவந்த ஊசி இனி மருத்துவர் முன்னிலையில்தான் இடப்படும் என்றால், அது ஆபத்தானது என்பதே மக்கள் பெறும் பொருள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06-இல் 80.9 விழுக்காடு, 2015–16-இல் 69.7 விழுக்காடு, 2019–21-இல் 89.2 விழுக்காடு. இடைக்கால வீழ்ச்சிக்கு ஒரே காரணம் கற்பித்தல் பொருந்தாது. ஆயினும் ஊர் முகாம்களின் நிறுத்தம் அதில் பங்கு வகித்தது எனக் கருத இடமுண்டு.

5. ஏரிப்புறத்தில் ஒரு நாளின் விலை

இம்மாற்றம் எல்லா ஊர்களுக்கும் ஒரே சுமையாக அமையவில்லை. பழவேற்காட்டு ஏரியில் பட்டினவர் ஊர்கள் பின்பற்றும் பாடு முறையில், தலைக்கட்டாகப் பதிவு பெற்றோர்க்கு மீன்பிடி இடங்கள் முறைவைத்து ஒதுக்கப்படுகின்றன. முறை வரும் நாளைத் தவறவிட்டால் அந்நாளின் வருவாய் இல்லை. பாட்டில் இடம்பெறாத இருளர் முதலியோர் கையால் இறால் தடவிப் பிடித்து அன்றாடம் பிழைப்பவர். மீனை விற்கும் பெண்களுக்கும் காலைப் பொழுதே தொழிற்பொழுது. இத்தகைய குடும்பங்களில் தொலைவிலுள்ள நிலையத்துக்குக் குழந்தையை எடுத்துச் செல்வது ஒரு நாள் வருவாயை இழப்பதாகும். ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்டால் அடுத்த நாளும் இழப்பே. பதிவேட்டில் 'மறுப்பு' எனக் காணப்படுவது அச்சமாகவும் இருக்கலாம், இக்கணக்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியாத பரப்புரை, காலத்தையும் தொலைவையும் சீர்செய்ய வேண்டிய இடத்தில் சுவரொட்டி ஒட்டும்.

6. அண்மைக் காலம்

2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா இயக்கத்தின்போது வாட்ஸ்அப் வழிப் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் பள்ளிகளில் ஊசியிட இசையவில்லை. இயக்கத்தின் காலம் நீட்டிக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 15 அன்று பொதுமக்களுக்கு எடுத்துக்காட்டாகக் கொரோனாத் தடுப்பூசி செலுத்திக்கொண்ட நடிகர் விவேக் 17 அன்று மறைந்தார். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை எனத் தேசியக் குழு பின்னர் முடிவு செய்தது. புகழ்பெற்றவரை முன்னிறுத்தும் பரப்புரை அவருடைய வாழ்வின் தற்செயல்களையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, அச்சம் பெரும்பாலும் நினைவிலிருந்து எழுகிறது. நிகழ்ந்த தீங்கினை மறைக்கும் பரப்புரையை அந்நினைவு வென்றுவிடும். இரண்டாவது, தடுப்பு மருந்தின் பயனை அதன் எல்லையோடு கூறுதல் நம்பகத்தைக் குறைப்பதில்லை, பி.சி.ஜி. எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைத் தாய்மார்க்கு விளங்கச் சொல்ல இயலும். மூன்றாவது, ஊசி இடப்படும் இடமும் நேரமும் பரப்புரையின் பகுதிகளே. பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது; தடுப்பூசியின் ஆற்றலுக்கு அதனினும் பெரிய சான்று இல்லை. ஆயினும் பழைய வெற்றியை எடுத்துரைப்பது மட்டும் புதிய ஊசிக்கு நம்பகம் ஈட்டித் தராது. காட்டூர் முதலிய ஏரிப்புற ஊர்களில் அது ஒவ்வொரு முறையும் செவிலியரின் சொல்லாலும், பிழை நேர்ந்தவிடத்து அரசு அளிக்கும் வெளிப்படையான கணக்காலுமே ஈட்டப்பட வேண்டியதாகும்.