வீட்டிலேயே பராமரிப்பு: வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி, தங்கை என்ன செய்யலாம்?

அறிவுசார் குறைபாடோ பெருமூளை வாதமோ உள்ள அண்ணனை, அக்காவைப் பெரும்பாலான வீடுகளில் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். “மாசாமாசம் பணம் அனுப்புறேனே, போதாதா?” என்று கேட்டால், போதாது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசிவிட வேண்டும்.

முதலில் அவரிடமே கேளுங்கள்

எப்போது குளிப்பது, என்ன உடுத்துவது, யார் உதவுவது என்பதில் அவர் விருப்பம் முக்கியம். பேச்சு வராவிட்டாலும் படம், சைகை மூலம் பலரால் அதைச் சொல்ல முடியும்.

அம்மாவுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள்

மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, எதற்குப் பயப்படுவார், எது பிடிக்கும், மருத்துவரின் எண். புதிதாக வருபவர் அதைப் பார்த்தே ஒரு நாளைச் சமாளிக்க முடிய வேண்டும். லீவில் ஊருக்குப் போனால் இரண்டு நாள் முழுப் பொறுப்பையும் நீங்களே எடுங்கள். அம்மாவுக்கு ஓய்வு, உங்களுக்குப் பழக்கம்.

ஆவண வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்

- யுடிஐடி அட்டை: நாடு முழுவதும் செல்லும் அடையாள அட்டை. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

- நிராமயா காப்பீடு: ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தருவது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபி செலவும் இதில் அடங்கும். பில்களைப் பத்திரப்படுத்துங்கள், ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

- சட்டக் காப்பாளர்: 18 வயது முடிந்தால் பெற்றோர்கூடத் தானாகச் சட்டக் காப்பாளர் ஆக முடியாது. மேலே சொன்ன நான்கு பிரிவினருக்கு, 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். எல்லோருக்கும் காப்பாளர் தேவைப்படாது. உதவி இருந்தால் தாங்களே முடிவெடுப்பவர்களும் உண்டு.

- வரிச் சலுகை: உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளி சகோதர, சகோதரிக்காகவும் கழிவு கோரலாம். இது 75,000 ரூபாய். குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் அம்மாவுக்கு போன் செய்யும்போது மருந்துப் பட்டியலைக் கேட்டு எழுதத் தொடங்குங்கள். அப்படியே போனை அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுக்கச் சொல்லி, அவரிடமும் பேசுங்கள்.