நஞ்சுக்கொடி

அவலூர்பேட்டைப் பக்கம் மாடு கன்று ஈன்றதும் முதல் கேள்வி, "நஞ்சு விழுந்ததா?" என்பதுதான். விழுந்ததை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார்கள். உள்ளே தங்கினால் உயிருக்கு ஆபத்து. அதனாலேயே 'நஞ்சு' என்ற பெயர் என்பார்கள். இலத்தீன் 'பிளசன்டா'வுக்குப் பணியாரம் என்று பொருள். வடிவத்தை மட்டும் கண்ட சொல் அது.

'கொடி' இன்னும் அழகு. தாயையும் சேயையும் பிணைப்பது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பெரும்பாலும் நஞ்சு ஒன்று, கொடி இரண்டு. நஞ்சின் பரப்பில் இருவரின் ரத்தநாளங்களும் பின்னிக்கொள்ளும். இப்படி ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டைக் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில் ரத்தம் ஒருபக்கமாய்ப் பாய்கிறது: கொடுக்கும் பிள்ளை வாட, வாங்கும் பிள்ளையின் இதயம் திணறுகிறது. நஞ்சு ஒன்றா இரண்டா என்பதை 14 வாரத்துக்குள் ஸ்கேனில் கேட்டறிய வேண்டும். ஒன்றென்றால் 16ஆம் வாரம் முதல் இரு வாரத்துக்கொரு ஸ்கேன் அவசியம். தேவைப்பட்டால் லேசரால் அந்த ரத்தநாள இணைப்புகளை அடைக்கிறார்கள்.