உப்புக்குப்பியும் கைத்தொலைபேசியும்

அறிவியல் புனைகதைத் தொடர்கள் காட்டும் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அமெரிக்காவின் என்பிசி 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ இதற்கு நல்ல சான்று.

விண்கலத்தை வாரந்தோறும் ஒரு கோளில் இறக்கிக் காட்டப் பணம் போதவில்லை. அதனால் பிறந்ததே ஆளைக் கரைத்து அனுப்பும் கருவி. மருத்துவர் மெக்காயின் சிகிச்சைக் கருவிகள் சிலவோ, வேறொரு காட்சிக்காக வாங்கிய உப்புக்குப்பிகள்! நூதனமான வடிவத்தால் அவை உப்புக்குப்பி என நேயர்களுக்குப் புரியாது என்று கருதி, மருத்துவரிடம் கொடுத்துவிட்டனர்.

மூடியைத் திறந்து பேசும் தொடர்புக் கருவிதான் நிஜத்தை நெருங்கியது. 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி நியூயார்க் தெருவில் மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர் முதல் கைத்தொலைபேசி அழைப்பைச் செய்தார். அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல். சுமார் அரை மணி நேரம் பேசினால் மின்கலம் தீர்ந்துவிடும். எங்கும் பேசுவதற்கு ஊரெல்லாம் கோபுரங்கள் வேண்டும். இவை பற்றித் தொடர் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அத்தொடரே கைத்தொலைபேசிக்கு வித்திட்டது என்பர். கூப்பரோ, தம்மைத் தூண்டியது டிக் டிரேசி சித்திரக்கதையின் கைக்கடிகார வானொலி என்று பின்னர் விளக்கினார்.

கனவு காட்டத் திரை போதும். கருவி செய்ய, எடையோடும் மின்கலத்தோடும் மல்லுக்கட்டிய பொறியாளர்கள் தேவைப்பட்டனர். அவர்கள் உழைப்பைத் தொலைக்காட்சியின் கணக்கில் எழுதுவது முறையாகாது.