மணிக்கட்டில் ஏறிய கடனட்டை



கடன் என்னும் சொல் நமது மொழியிலே இரு பொருள் தருவது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்து தீரவேண்டிய கடமையும் கடன். மேனாட்டார் இதற்கு வழங்கும் சொல்லோ, நம்புதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கடனட்டையின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் இவற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. நம்பிக்கை எங்கே குடியிருந்தது, அது எவ்வாறு இடம் பெயர்ந்தது என்பதே அச்சரித்திரத்தின் சாரம். அதன் அண்மைக்கால அத்தியாயம் மனிதரின் மணிக்கட்டிலே நடைபெறுகின்றது.

ஊர்க் கடைக்காரர் கொப்பியிலே பெயரெழுதிக் கடன் கொடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அங்கே நம்பிக்கை குடியிருந்தது, தெரிந்த முகத்திலே. ஆனால் பெருநகரத்திலே முகந்தெரியாத ஒருவரை நம்புவது எப்படி? இக்கேள்விக்கு 1950ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் ஒரு விடை பிறந்தது. பிராங்க் மக்னமாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் டைனர்ஸ் கிளப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, உணவுச்சாலைகளிற் காட்டத்தக்க கடதாசி அட்டையொன்றை வழங்கினர். 1958ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே பாங்க் ஒப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தவருக்குக் கேளாமலே ஏறக்குறைய 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. கடனைத் திருப்பாதோரும் மோசடிக்காரரும் மலிந்தமையால் வங்கிக்குப் பெருநட்டம் உண்டாயிற்று. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. அவ்வட்டையே 1976இல் வீசா என்ற பெயரைப் பெற்றது.

முகத்திலிருந்து அட்டைக்கு வந்த நம்பிக்கை அங்கும் நிலைக்கவில்லை. 1960களிலே ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியியலாளர் பொரஸ்ற் பரி, காந்த நாடாவைப் பிளாஸ்திக் அட்டையிலே ஒட்ட வழி தெரியாது தவித்தாராம். துணி அழுத்திக்கொண்டிருந்த அவர் மனைவி, அழுத்திப்பெட்டியின் சூட்டைக்கொண்டே ஒட்டிப் பார்க்கலாமென்றாராம். அந்தக் காந்தப் பட்டியே பல்லாண்டுகள் உலக வர்த்தகத்தைத் தாங்கிற்று. ஆனால் அதைப் படியெடுப்பது எளிது. பிரான்சிலே ரோலண்ட் மொறேனோ 1974ஆம் ஆண்டில் நுண்சில்லு பொதிந்த அட்டைக்குரிய காப்புரிமையைப் பதிந்தார். காந்தப் பட்டி எழுதியதை ஒப்புவிக்கும் ஏடு. சில்லோ கேட்ட கேள்விக்குக் கணக்கிட்டு விடைகூறும் சிறு கணிப்பொறி. இதுவே பெரிய மாற்றம்.

சில்லு பேசத் தொடங்கியபின் அது அட்டையிலேதான் இருக்கவேண்டுமென்ற நியதி இல்லை. ஹொங்கொங் நகரிலே 1997இல் வந்த ஒக்ரோபஸ் அட்டை, வாயிலிலுள்ள கருவியைத் தீண்டாமலே பிரயாணக் கட்டணத்தைச் செலுத்திற்று. 2002இல் சோனியும் பிலிப்சும் சேர்ந்து, சில சென்ரிமீற்றர் தூரத்திலே மட்டும் இயங்கும் வானொலித் தொடர்பொன்றை வகுக்க முற்பட்டன. அதன் வழியே கடனட்டை கைத்தொலைபேசியினுட் புகுந்தது. அப்பிள் நிறுவனம் தன் கட்டணச் சேவையை அமெரிக்காவில் 2014 ஒக்டோபர் 20ஆந் தேதி தொடங்கி, கைக்கடிகாரத்தை 2015 ஏப்ரில் 24ஆந் தேதி விற்பனைக்கு விட்டது.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். 2012இல் வெளிவந்த ஐபோன் 5 என்னும் தொலைபேசியிலே இக்குறுந்தூர வானொலி இல்லை. கடையிற் பணஞ் செலுத்த அதனால் இயலாது. ஆனால் அதனோடு புதிய கைக்கடிகாரத்தை இணைத்தவர் மணிக்கட்டை நீட்டிப் பணஞ் செலுத்தலாம். வானொலியும் காப்புச் சில்லும் கடிகாரத்திலேயே இருந்தமைதான் காரணம். பழைய கருவிக்குப் புதியது ஊன்றுகோலாயிற்று.

கடிகாரத்தினுள் இருப்பது யாது? வங்கி அட்டையின் உண்மையான இலக்கம் அன்று. அதற்கு மாற்றாக, அக்கடிகாரத்துக்கு மட்டுமே உரிய வேறோர் இலக்கம் அங்கே வைக்கப்படுகின்றது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒருமுறையே செல்லுபடியாகும் குறியீடொன்று உண்டாகின்றது. கடிகாரம் தோலைவிட்டு அகன்றால் பூட்டிக்கொள்ளும். இரகசிய இலக்கத்தை இட்டாலன்றித் திறவாது. ஆதலால் கடிகாரம் தொலைந்தாலும் அதற்குரிய மாற்றிலக்கத்தை மாத்திரம் இரத்துச் செய்யலாம். கையிலுள்ள அட்டை பிழைத்திருக்கும். பிளாஸ்திக் அட்டையைவிட இது பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்பாதுகாப்பு முழுவதும், தொலைவிலிருக்கும் வங்கியும் அட்டை வலையமைப்பும் கருவி செய்தவரும் அன்றாடம் ஒத்துழைப்பதைப் பொறுத்தது. ஒருவர் கைவிட்டாலும் மற்றவை பயனற்றுப்போகும்.

கடிகாரங்கள் பழசானபோது இவ்வுண்மை மூன்று விதமாக வெளிப்பட்டது.

முதலாவது, பாஷை வேற்றுமை. அப்பிள் கட்டணச் சேவை யப்பானுக்கு 2016 ஒக்டோபரில் வந்தது. அந்நாட்டுப் புகையிரத வாயில்கள் சோனி வகுத்த பெலிக்கா முறையிலே பேசுவன. அம்முறையை அறிந்த சில்லு, அவ்வாண்டு அங்கு விற்கப்பட்ட இரண்டாந் தொடர்க் கடிகாரத்தில் இருந்தது. முந்திய ஆண்டிலே வாங்கியவரின் கடிகாரம் பழுதின்றி ஓடினாலும் வாயில் அதற்குத் திறக்கவில்லை.

இரண்டாவது, இயக்கநிரலின் முடிவு. 2015இல் வெளியான அப்பிள் கைக்கடிகாரங்களில் ஒரு வகை, 18 கரட் பொன்னாலானது; அதன் உச்ச விலை 17,000 டொலர். 2018இல் புதிய இயக்கநிரல் வெளிவந்தபோது, பொன்னென்றும் அலுமினியமென்றும் பேதமின்றி, அம்முதற் தலைமுறைக் கடிகாரங்கள் யாவும் அதைப் பெறாமல் ஒதுக்கப்பட்டன. அன்றே அவற்றின் கட்டண வசதி அற்றுப்போயிற்று என்பதன்று. புதிய வசதிகள் வந்துசேரும் வழி அடைபட்டது. பாட்டனாரின் பொற்கடிகாரம் பேரனின் கையிலும் ஓடும்; இப்பொற்கடிகாரத்துக்கு மூன்றாண்டிலே முதுமை வந்துவிட்டது.

மூன்றாவது, சேவையின் முடிவு. பிற்பிற் நிறுவனம் 2017இலே தன் கடிகாரங்களுக்கென ஒரு கட்டணச் சேவையைத் தொடங்கிற்று. 2021இல் அந்நிறுவனம் கூகுளின் உடைமையாயிற்று. 2024 யூலை 29ஆந் தேதி பிற்பிற் கட்டணச் சேவை மூடப்பட்டது. அதைத் தொடர விரும்பியோர் கூகுளின் பணப்பைச் சேவையைப் புதிதாக நாடவேண்டியவராயினர். கடிகாரம் மாறவில்லை, அதன் உத்தரவாதி மாறினார்.

பழையது எப்பொழுதும் குறைந்ததென்றும் எண்ணவேண்டாம். சம்சுங் நிறுவனத்தின் கியர் எஸ்3 கடிகாரம் 2016இலே வந்தது. காந்தப் பட்டியை உரைக்கும்போது எழும் சைகையைப் போலவே காந்த அலையை எழுப்பும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆகவே குறுந்தூர வானொலியை அறியாத பழைய கடைக்கருவிகளோடும் அது பேசவல்லதாயிற்று. கடைகளிலே புதுக் கருவிகள் பெருகியபின், அந்த ஆற்றல் பின்வந்த கடிகாரங்களிற் கைவிடப்பட்டது. இங்ஙனம், புதியது செய்யாததைப் பழையது செய்ததும் உண்டு.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை யாது? கடதாசி அட்டையின் காலத்திலே அதை வைத்திருப்பவரே வங்கியால் ஆராயப்பட்டார். இன்று அவர் அணிந்த கருவியும் ஆராயப்படுகின்றது. தவணை தவறாமற் கடன் தீர்த்த ஒருவர், கருவி பழசாகிவிட்டதென்ற காரணத்தால் அதனைக்கொண்டு செலுத்தும் வழியை இழக்கின்றார். நிரலை என்றென்றும் திருத்திக்கொண்டிருத்தல் எந்தக் கம்பனிக்கும் இயலாது என்பது நியாயமே; காவலற்ற பழைய நிரல் கள்வருக்குத் திறந்த கதவுமாகும். ஆனால் எத்தனை ஆண்டுகள் காப்போம் என்பதை விற்கும் நாளிலேயே சொல்லலாம் அல்லவா? அது தெரிந்தால், வாங்குபவர் கொடுக்கும் விலைக்கு ஒரு கணக்குண்டு.

பழைய கடிகாரத்தை வைத்திருப்போரும் தம்மால் இயன்றதைச் செய்யலாம். இரகசிய இலக்கத்தை ஒருபோதும் நீக்காதிருத்தல் வேண்டும். பிறருக்குக் கொடுக்குமுன் அதிலுள்ள அட்டைகளை அழித்துவிடவேண்டும். பிரயாணத்திலே அதனை மாத்திரம் நம்பிப் புறப்படாமல், அட்டையையோ சிறிது பணத்தையோ உடன்கொண்டு செல்லுதல் நலம்.

கடன் பெற்றவர் அதனைத் திருப்பிக் கொடுப்பதற்கு வங்கி நாள் குறிக்கின்றது. அவர் கையிலே கருவியைக் கட்டிவிட்டவருக்கும் ஒரு கடன் உண்டு. அது கடமை என்ற பொருளிலே. அதற்கும் ஒரு நாள் குறித்துச் சொல்லுமாறு கேட்பது வாங்குபவரின் உரிமையாகும்.