வேணும், விசுவாசம்

மனிதரும் வேற்றுக்கிரகத்தாரும் சந்தித்துப் பேரம் பேசும் விஞ்ஞான நாவல்களில் தூதன் பெரும்பாலும் வந்திறங்குகிறவன். அவன் கண்கொண்டுதான் நாம் மற்றவரைப் பார்க்கிறோம். உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' இவ்வகையில் தலையானது. ஜென்லி ஆய் என்ற தூதன் கெதன் என்ற கிரகத்துக்குத் தனியாக வருகிறான். அவர்களுடைய மானம், அந்தஸ்து எல்லாம் அடங்கிய ஒரு சொல் அவனுக்குப் பிடிபடுவதில்லை. தனக்கு உண்மையாக உதவ முன்வந்தவரையே சந்தேகிக்கிறான். நாவலின் துயரத்தில் பெரும்பகுதி அந்தச் சொல்லிலிருந்து பிறக்கிறது.

முத்துக்குளித்துறையில் இது நடந்திருக்கிறது. நாசரேத் என்ற ஊர்ப்பெயரே மிஷனரிகள் இட்டது; அதற்கும் வெகுமுன்பு, அங்கிருந்து எட்டிவிடும் கடற்கரையில், மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் இரண்டு உலகங்கள் பேச ஆரம்பித்திருந்தன. ஒரு வித்தியாசம்: இங்கே முதல் தூது போனவர்கள் கரையில் இருந்தவர்கள். முத்துக்குளிப்பில் ஆதிக்கம் பெற்றிருந்த முஸ்லிம் வணிகர்களோடு பூசல் முற்றிய 1530களில், ஜோவான் த குருஸ் என்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி பரதவர் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஞானஸ்நானம் அந்த உடன்படிக்கையின் ஒரு பகுதி. 1537க்குள் ஆயிரக்கணக்கானோர் அதைப் பெற்றுவிட்டார்கள். உபதேசிக்க பிரான்சிஸ் சேவியர் வந்தது 1542இல்தான்.

சேவியருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனனம் செய்தார். 1544இல் தம் சகா மன்சிலாஸுக்கு ஒரு திருத்தம் எழுதுகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்ற இடத்தில் 'வேணும்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று சொல்ல வேண்டும். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில் 'பலவந்தமாக' என்று பொருள்படும் ஒரு சொல்லையும் விலக்கச் சொல்கிறார். அவர் மனமுவந்தல்லவா பாடுபட்டார்.

இதை வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாகக் கொள்ள நான் தயாரில்லை. கொச்சிக்குப் போனவர்களின் பேச்சு முழுவதும் 'வேணும்' என்பதுதான். பாதுகாப்பு வேணும், கடல் வேணும். அவர்கள் அன்று உண்மையாகச் சொல்லக்கூடியதாக இருந்த வார்த்தை அது. திருத்தப்பட்ட வார்த்தைதான் இரவல். பாதுகாவலர்களின் யோக்கியதை இன்னொரு பக்கம்: தூத்துக்குடிப் போர்த்துகீசியத் தலைவனின் நடத்தையைச் சேவியரே அந்த வருஷத்துக் கடிதங்களில் கண்டிக்கிறார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பேரம் பேசிய தரப்பே போய்விட்டது. புதியவர்கள் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள், கோயில்களைப் பறித்தார்கள். உடன்படிக்கை வெறும் உபாயமாக இருந்திருந்தால் பரதவர் டச்சுச் சபைக்கு மாறியிருக்க வேண்டும். முத்துக்குளிப்பில் டச்சுக்காரரோடு ஒத்துழைத்தார்கள், மதம் மாறவில்லை. 'வேணும்' எப்போதோ 'விசுவாசம்' ஆகியிருந்தது. அதைச் செய்தது சேவியரின் கடிதமல்ல, நூறு வருஷ வாழ்க்கை.

நம் கைக்கு எளிதில் கிடைப்பவை வந்திறங்கியவரின் கடிதங்கள். விஞ்ஞான நாவலும் பெரும்பாலும் அதே கையால் எழுதப்படுகிறது, உடன்படிக்கையோடு முடிந்தும்விடுகிறது. கரையில் நின்று, விருப்பம் நம்பிக்கையாக மாறிய அந்த நூறு வருஷத்தை எழுதும் நாவல் தமிழில்தான் வர வேண்டும். அதற்கான கதை இங்கேதான் கிடக்கிறது.