தரவுப் பொருள்களின் மாற்றக் கண்காணிப்பு: வரலாறு

நிரலில் உள்ள ஒரு தரவுப் பொருளின் மதிப்பு மாறும்போது, அதை நிரலின் பிற பகுதிகளுக்குத் தெரியப்படுத்தும் முறை மாற்றக் கண்காணிப்பு எனப்படுகிறது. வங்கிக் கணக்கின் இருப்பு நினைவகத்தில் 500 ரூபாயாகக் குறைந்த பின்னும் திரையில் 800 என்றே நின்றால், பயனர் தவறான எண்ணை நம்பிச் செலவு செய்வார். இதைத் தவிர்க்க இரு அடிப்படை வழிகள் உள்ளன. ஒன்று, மாறும் பொருளே தகவல் தெரிவிப்பது. மற்றொன்று, பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட்டு அறிவது.

தொடக்கம்

நார்வே நாட்டுக் கணினி அறிவியலாளர் டிரிக்வே ரீன்ஸ்காக், 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் தரவையும் காட்சியையும் பிரிக்கும் எம்விசி அமைப்பை வகுத்தார். அங்கு உருவான ஸ்மால்டாக் மொழியில், ஒரு பொருள் தன்னைச் சார்ந்த பொருள்களின் பட்டியலை வைத்திருக்கும்; மாறியதும் அவற்றுக்குச் செய்தி அனுப்பும். ஆனால் அந்த அறிவிப்பை நிரலாளரே எழுத வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் திரை பழைய மதிப்பையே காட்டும். 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் ஆகியோர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் இம்முறைக்கு ‘அப்சர்வர்’ எனப் பெயரிட்டுப் பரவலாக்கியது.

வலைப் பயன்பாடுகளில்

2010இல் வெளியான இரு ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் இரு வழிகளையும் பிரதிபலித்தன. நாக்அவுட், ஒவ்வொரு மதிப்பையும் ஒரு செயற்கூறுக்குள் பொதிந்து, அதன் வழியாகவே மாற்றச் செய்தது. ஆங்குலர்ஜேஎஸ், சாதாரணப் பொருள்களையே ஏற்று, பழைய மதிப்புகளுடன் அவற்றை ஒப்பிட்டது. ஒரு மாற்றம் மற்றொன்றைத் தூண்டக்கூடும் என்பதால், எதுவும் மாறாத நிலை வரும்வரை ஒப்பீடு தொடரும். இயல்பாக 10 சுற்றுகளுக்குள் அந்நிலை வராவிட்டால் பிழை எழும். நிரலாளருக்குச் சுமை குறைந்தது. ஆனால் கண்காணிக்கும் மதிப்புகள் பெருகியபோது வேகமும் குறைந்தது.

கைவிடப்பட்ட முன்மொழிவு

இச்சுமையை மொழியே ஏற்பதற்காக ‘ஆப்ஜெக்ட்.அப்சர்வ்’ முன்மொழியப்பட்டது. 2014இல் குரோம் 36 பதிப்பில் இது இடம்பெற்றது. இதற்கிடையே, 2013இல் திறமூலமாக வெளியான ரியாக்ட் வேறொரு வழக்கத்தைப் பரப்பியது: பொருளை அதே இடத்தில் மாற்றாமல், புதிய பொருளை உருவாக்குவது. அப்போது உள்ளே உள்ள ஒவ்வொரு மதிப்பையும் ஒப்பிட வேண்டியதில்லை; பொருள் அதேதானா என்று பார்த்தால் போதும். தேவை குறைந்த நிலையில், 2015 நவம்பரில் முன்மொழிந்தவர்களே அதைத் திரும்பப் பெற்றனர்.

பிராக்சி

2015 ஜூனில் வெளியான ஈஎஸ்2015 தரநிலை ‘பிராக்சி’ வசதியைத் தந்தது. இது பொருளுக்கு முன் நின்று, படித்தல், எழுதுதல், நீக்கல் ஆகிய செயல்களை இடைமறிக்கிறது. வியூ கருவியின் 2ஆம் பதிப்பு ஒவ்வொரு பண்பையும் முன்கூட்டியே பதிவு செய்ததால், பின்னர் சேர்க்கப்படும் பண்புகளை அறிய இயலவில்லை. 2020 செப்டம்பரில் வந்த 3ஆம் பதிப்பு பிராக்சிக்கு மாறி அக்குறையை நீக்கியது. எனினும் பிராக்சியைத் தவிர்த்து மூலப் பொருளை நேரடியாக மாற்றினால் அம்மாற்றம் பதிவாவதில்லை. எல்லா மாற்றமும் பிராக்சி வழியே செல்வதை உறுதிசெய்யும் பொறுப்பு நிரலாளரிடமே உள்ளது.